பழைய ஊறுகாய்ச் சாடி வாங்குவது எப்படி: கவிழ்த்துப் பார்ப்பதிலிருந்து உப்பு இறக்குவது வரை

வீடு இடிக்கிற இடத்திலும் பழைய சாமான் கடையிலும் முதலில் விலைபோவது பித்தளையும் தேக்குமரமும்தான். சாடி மூலையில் தூசு பிடித்துக் கிடக்கும். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் புதிதாகச் சாடி சேர்க்கத் தொடங்குகிறவருக்கு இது வசதி. ஆனால் "நூறு வருசத்துச் சாமான்" என்ற ஒரு வார்த்தையை நம்பிக் காசை எடுத்து நீட்டினால் போன வருடம் வந்திறங்கிய சாடிதான் வீட்டுக்கு வரும்.

கையில் இருப்பது என்ன மண்?

நம் ஊரில் பளபளப்புப் பூச்சுள்ள எல்லாவற்றையும் பீங்கான் என்றே சொல்வோம். ஊறுகாய்ச் சாடிகளில் பெரும்பாலானவை உண்மையில் ஸ்டோன்வேர். சுமார் 1200 பாகை செல்சியசுக்கு மேல் சுடும்போது மண்ணே உருகி இறுகிக் கல்லாகிவிடும். அதனால்தான் உப்பும் புளியும் அதற்குள் ஊறுவதில்லை. சாதாரண மண்பாண்டம் அவ்வளவு சூடு காண்பதில்லை; பூச்சு இல்லாவிட்டால் தண்ணீரை உறிஞ்சும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு துளி தண்ணீர் போதும். சாடியைக் கவிழ்த்து, அடியில் பூச்சுப் படாத இடத்தைத் துடைத்து ஒரு துளி விடுங்கள். சில நொடிகளில் உள்ளே இழுத்துக்கொண்டால் மண்பாண்டம். துளி அப்படியே நின்றால் ஸ்டோன்வேர். அடியில் எண்ணெய் படிந்திருந்தால் மண்பாண்டத்திலும் துளி நிற்கும். ஆகவே சவர்க்காரம் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு பாருங்கள்.

நம் பக்கம் கிடைக்கக்கூடிய வகைகள்

மேல்பாதி மண்ணிறம், கீழ்ப்பாதி பால்வெள்ளை. இந்த இருநிறச் சாடியைப் பார்க்காதவர் இருக்கமாட்டார். அச்சாறும் தேசிக்காய் ஊறுகாயும் போடுவது இதில்தான். இந்தியாவில் இன்றும் இதே பாணியில் செய்கிறார்கள். எனவே நிறத்தை வைத்து வயது சொல்ல முடியாது. தொடங்குகிறவர் இதில் கை பழகுவது நல்லது, தவறினாலும் நட்டம் சிறிது.

அடுத்தது உப்புப் பூச்சுச் சாடி. சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உள்ளே உப்பை வீசுவார்கள். உப்பு ஆவியாகி, மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிபோல் படியும். மேற்பரப்பு தோடம்பழத் தோல்போலப் பொள்ளல் பொள்ளலாக இருக்கும். கண்ணை மூடித் தடவினாலே தெரியும். பழைய ஆங்கிலேயச் சாராயச் சாடி, தண்ணீர் வடிசாடி, ஜிஞ்சர் பியர்ப் போத்தல் எல்லாவற்றிலும் இந்தப் பூச்சைக் காணலாம். வடிசாடிகளில் டோல்டன் லம்பெத் (லண்டன் லம்பெத்திலிருந்த டோல்டன் கம்பனி) முத்திரை இருந்தால், "ரோயல்" என்ற சொல் முன்னால் இருக்கிறதா பாருங்கள். அந்தப் பட்டம் 1901இல்தான் கிடைத்தது. "ரோயல் டோல்டன்" என்று பொறித்த சாடியை 1880ஆம் ஆண்டுச் சாமான் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே விலையைக் குறைக்கலாம்.

மூன்றாவது, தோளில் நாலோ ஆறோ காது வைத்த பெரிய கபில நிறச் சாடி. பர்மாவின் மர்தபான் துறைமுகத்தின் பெயரால் இதை மர்தபான் சாடி என்பார்கள். பெரும்பாலானவை தென்சீனச் சூளைகளில் சுட்டவை. அந்தத் துறை வழியாகவும் பல இடங்களுக்குப் போனதால் பெயர் ஒட்டிக்கொண்டது. கப்பலில் எண்ணெயும் தண்ணீரும் இதில்தான் வந்தன. கையை உள்ளே விட்டால் நடுவயிற்றில் ஒரு தடித்த வளையம் தட்டுப்படும். கீழ்ப்பாதியையும் மேற்பாதியையும் தனித்தனியாகச் செய்து ஒட்டிய பொருத்து அது. புதிய அச்சுச் சாடியில் அப்படி வளையம் இருக்காது; மேலிருந்து கீழாக ஒரு நேர்கோட்டுத் தழும்புதான் இருக்கும்.

அடியைக் கவிழ்க்காமல் விலை பேசாதீர்கள்

வாய், வயிறு, பூச்சு எதை வேண்டுமானாலும் போலியாகச் செய்யலாம். அடியில் ஏமாற்றுவதுதான் கடினம். மூன்றைப் பாருங்கள்.

தேய்வு: உண்மையான தேய்வு தரையில் முட்டும் விளிம்பில் மட்டும் இருக்கும், அதுவும் ஒரு பக்கம் கூடுதலாக. குசினித் தரை எங்கே சமமாக இருந்தது? உள்குழிவான இடத்திலும் அதே கறுப்பு, அதே கீறல் என்றால் யாரோ தேயிலைச் சாயமோ சப்பாத்துப் பொலிஷோ பூசித் தேய்த்திருக்கிறார்கள். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் துணி சொல்லிவிடும்.

அறுப்பு: சக்கரத்திலிருந்து சாடியை நூலால் அறுத்தெடுத்தால் அடியில் மட்டிச் சிப்பியின் வரிபோல வளைகோடுகள் விழும். சில சாடிகளில் செதுக்கி மழித்திருப்பார்கள், ஆகவே வரி இல்லாததால் மட்டும் புதியது என்று முடிவு கட்டவேண்டாம்.

எண்: ஆங்கிலேயச் சாடியில் 2 என்று பொறித்திருந்தால் இரண்டு கலன். நம் பழைய கணக்கில் ஒரு கலனுக்கு ஆறு போத்தல், சுமார் நாலரை லீற்றர். ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலால் ஆறு தரம் ஊற்றினால் இரண்டு கலன் சாடி நிறையவேண்டும். அமெரிக்கச் சாடியில் கலன் சிறிது, ஐந்து தரத்திலேயே நிறைந்துவிடும்.

தட்டிக் கேளுங்கள்

நிலத்தில் வைத்துத் தட்டினால் எந்தச் சாடியும் "பொத்" என்றுதான் சொல்லும். மூடியை எடுத்துவிட்டு, சிறியதை விரித்த உள்ளங்கையில் தூக்கிவையுங்கள். பெரியதை மடித்த சாக்கின்மேல் வையுங்கள். விரல் முட்டியால் தோளில் தட்டுங்கள். கணீரென்று இழுத்து ஒலித்தால் உடம்பு முழுசு. செத்த ஒலி என்றால் எங்கோ வெடிப்பு. சுற்றிச் சுற்றித் தட்டி இடத்தைப் பிடிக்கலாம்.

வெடிப்பு எல்லாம் ஒன்றல்ல. சூளையிலேயே விழுந்த வெடிப்பின் ஓரம் மழுங்கியிருக்கும், பூச்சு உள்ளே வழிந்திருக்கும். அது பிறவித் தழும்பு, பெரிதாக வளராது. பிறகு அடிபட்ட வெடிப்பின் ஓரம் நகத்தில் கூர்மையாகத் தட்டும், உள்ளே அழுக்குக் கறுத்திருக்கும். அது ஓடும். ஒட்டுவேலையைப் பிடிக்க ஊதாக்கதிர் டோர்ச் உதவும்: இருட்டில் அடித்துப் பார்த்தால் பல வகைப் பசைகள் பால்போல ஒளிரும், பூச்சு மங்கலாகவே கிடக்கும். ஒளிராத பசையும் உண்டு, டோர்ச்சை மட்டும் நம்பவேண்டாம்.

வாயில் சிறு சில்லு போயிருந்தால் பேரம் பேச ஒரு காரணம், அவ்வளவுதான். உடம்பில் ஓடும் வெடிப்பு என்றால் முழுச் சாடியின் விலையில் பாதிக்கு மேல் கொடுக்கவேண்டாம். மூடி அந்தச் சாடியோடு பிறந்ததா என்றும் பாருங்கள். பூச்சின் நிறம் ஒத்து, விளிம்பில் ஆடாமல் உட்காரவேண்டும்.

வாங்கக்கூடாதவை

1815 மார்ச் 2க்கு முந்தியது என்று நியாயமாகக் கருதக்கூடிய பொருள் இலங்கைச் சட்டப்படி தொல்பொருள். வயல் உழும்போது வந்தது, அத்திவாரம் வெட்டும்போது கிடைத்தது, கடலடியில் எடுத்தது என்று சொல்லி வரும் சாடிகளைத் தொடவேண்டாம். மண்ணுக்குள் கிடைத்த தொல்பொருள் அரசுக்குரியது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குப் பழைய சாடி அனுப்புவதானாலும் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் அனுமதி கேளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

தூக்கும்போது ஒரு கை அடியில், ஒரு கை வயிற்றில். காதைப் பிடித்துத் தூக்கினால் காது மட்டும் கையோடு வரும். ஓட்டோவில் ஏற்றினால் வைக்கோலோ பழைய சாரனோ சுற்றி, மூடியைத் தனியாகப் பொதிந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துச் சாடிக்கே உரிய வியாதி உப்பு. நன்றாக இறுகிய ஸ்டோன்வேரில் இது குறைவு. ஆனால் மண்பாண்டத்திலும் சூடு போதாமல் சுட்ட சாடியிலும் பல வருடம் கருவாடும் ஊறுகாயும் இருந்தால், பூச்சின் நுண்வெடிப்பு வழியே உப்பு உள்ளே போயிருக்கும். கரையோர வீட்டுச் சாடி கடல்நீரிலும் நனைந்திருக்கலாம். கழுவி உலர்த்தியதும் வெள்ளையாகப் பூக்கும். உப்புப் பளிங்கு உள்ளே வளர்ந்து பூச்சைச் செதில் செதிலாகத் தள்ளும். துடைத்தால் போகாது. இறக்கத்தான் வேண்டும்.

சாடி முழுதும் மூழ்கும் வாளியில் வையுங்கள். தண்ணீரை நாளுக்கொரு தரம் மாற்றுங்கள். கடலோரக் கிணறுகள் பல உவர், ஆகவே கடைசி நாட்களுக்காவது மழைநீர் பாவியுங்கள். ஊறிய தண்ணீரில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் காயவிட்டு, பக்கத்தில் புதிய மழைநீர்த் துளியையும் காயவிடுங்கள். இரண்டு தடமும் ஒன்றுபோலத் தெரியும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு கிழமையும் ஆகலாம், மூன்றும் ஆகலாம். வாளியை மூடி வையுங்கள், நுளம்புப் புழுவுக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து நிற்கவேண்டாம். பிறகு நிழலில் உலர்த்துங்கள்.

குளோரின் வெளுப்பான் கூடாது. அதுவும் நுண்வெடிப்பில் புகுந்து உப்பாகவே தங்கும். கொதிநீரும் கூடாது, குளிர்ந்த சாடி சட்டென்று பிளக்கும். நாற்றம் போக அப்பச்சோடாவைக் குழைத்து உள்ளே பூசி ஒரு இரவு விட்டுக் கழுவினால் போதும்.

மறுபடி ஊறுகாய் போடலாமா?

தண்ணீர் நிரப்பிப் பத்திரிகைத் தாளின்மேல் ஒரு நாள் வையுங்கள். தாளில் ஈரவட்டம் விழுந்தால் அது அலங்காரத்துக்கு மட்டும். ஈரமில்லை, நுண்வெடிப்பில்லை, உள்ளே உப்புப் பூச்சு என்று உறுதியாகத் தெரிந்தால் வினாகிரி, புளி வைக்கலாம். மண்பாண்டத்தின்மேல் மஞ்சளோ பச்சையோ மினுங்கும் பூச்சு என்றால் ஈயம் இருக்கக்கூடும், புளிப்பு அதைக் கரைக்கும். அதில் வற்றல் மிளகாய்கூட வைக்கவேண்டாம். விறாந்தையில் வைக்கோல் திருகணை ஒன்றின்மேல் வைத்துவிடுங்கள். வெறும் சீமெந்துத் தரையில் இழுத்து வைத்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த அடித்தேய்வில் புதுக்கீறல் விழும்.