ஆய்வுக் கட்டுரையில் எழுத்துத் திருட்டு: குறிப்பேட்டிலேயே காவல் தொடங்கட்டும்

அடுத்தவர் கட்டுரையை அப்படியே எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்பவருக்கு இந்த வழிகாட்டி தேவையில்லை. என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்பவரின் கதை வேறு. என்றோ ஒரு பிடிஎஃப்பிலிருந்து வெட்டி ஒட்டிய வரி குறிப்புக் கோப்பில் கிடக்கும். எழுத உட்காரும்போது அது தன்னுடையதா, இன்னொருவருடையதா என்று நினைவிருக்காது. நன்றாக இருக்கிறதே என்று கட்டுரைக்குள் போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு குறிப்பின் முன்னும் ஓர் அடையாளம் போடுங்கள். ‘மே’ என்றால் சொல்லுக்குச் சொல் மேற்கோள். மேற்கோள் குறி கட்டாயம். ‘சு’ என்றால் நூலின் கருத்து, உங்கள் சொல்லில் சுருக்கமாக. ‘நா’ என்றால் நானே நினைத்தது. முதல் இரண்டுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் அப்போதே எழுதிவிடுங்கள். ஜோட்டீரோ போன்ற மென்பொருள் நூல் விவரங்களை ஒழுங்காகச் சேமிக்கும். ஆனால் நீங்கள் குறித்து வைக்காத வரி யாருடையது என்று அதற்கும் தெரியாது.

<b>சொல்லை மாற்றினால் போதுமா?</b>

போதாது. பெரும்பாலான தகராறு இங்கேதான். மூலத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“நகரங்களில் கான்கிரீட் பரப்பு கூடக்கூட இரவில் வெப்பம் தணிவது தாமதமாகிறது, இதனால் முதியோரின் தூக்கம் கெடுகிறது.”

இதை ஒருவர் இப்படி மாற்றுகிறார்: “மாநகரங்களில் சிமென்ட் பரப்பு அதிகரிக்க அதிகரிக்க இரவில் சூடு குறைவது தள்ளிப்போகிறது, இதன் காரணமாக வயதானவர்களின் உறக்கம் பாதிக்கப்படுகிறது.” எலும்புக்கூடு அதே, சட்டை மட்டும் வேறு. கீழே ஆசிரியர் பெயரைப் போட்டாலும் குறை தீராது. கருத்துக்குச் சான்று காட்டியாயிற்று, வாக்கிய அமைப்பு இரவல் என்பதைச் சொல்லவில்லையே.

சரியான வழி: பத்தியை இரண்டு முறை படியுங்கள், நூலை மூடுங்கள், சிறிது நேரம் கழித்து நினைவிலிருந்து எழுதுங்கள். “நகர முதியவர்களின் தூக்கக் குறைவுக்கு இந்த ஆசிரியர் காட்டும் காரணம், கான்கிரீட் பெருகியதால் இரவிலும் எளிதில் ஆறாத சூடு (ஆசிரியர், ஆண்டு, பக்கம்).” பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். நான்கைந்து சொற்கள் அதே வரிசையில் வந்திருந்தால் மேற்கோள் குறி இடுங்கள், அல்லது திரும்ப எழுதுங்கள். இந்த எண்ணிக்கை சட்டமல்ல, ஒரு சல்லடை. மூலத்தில் இல்லாததை நீங்கள் சேர்த்துவிடவில்லையா என்றும் பாருங்கள்.

மொழிபெயர்ப்புக்கும் இதே விதி. ஆங்கில நூலின் பத்தியைத் தமிழாக்கிச் சான்றில்லாமல் போட்டால், திருட்டைத் தேடும் மென்பொருள் கோட்டை விட்டாலும் அந்த நூலைப் படித்த நெறியாளர் விடமாட்டார்.

<b>சான்று வைக்கும் இடம்</b>

எட்டு வாக்கியப் பத்தியின் கடைசியில் ஒரே ஒரு சான்று இருந்தால், எங்கிருந்து இரவல் தொடங்குகிறது என்று தெரியாது. தொடங்கும் வாக்கியத்திலேயே ஆசிரியரைப் பெயர் சொல்லி அழையுங்கள். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த சான்று) முறையில் 40 சொற்களை எட்டும் மேற்கோளை மேற்கோள் குறியின்றித் தனிப் பத்தியாக உள்தள்ளி அமைக்க வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் நூலில்தான் படித்தீர்கள் என்றால் அதையே சொல்லுங்கள். பார்க்காத மூலத்தைப் பார்த்ததுபோல் பட்டியலில் சேர்க்காதீர்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்குச் சான்று வேண்டாம். ஓர் ஆய்வு கண்டறிந்த விழுக்காட்டுக்கு வேண்டும். அட்டவணை, வரைபடம், கணினி நிரல், நீங்களே முன்பு சமர்ப்பித்த கட்டுரை ஆகியவற்றுக்கும் வேண்டும்.

<b>ஒப்புமை அறிக்கை</b>

கட்டுரையைப் பிற மூலங்களோடு ஒப்பிடும் டர்னிட்டின் போன்ற மென்பொருள்கள் காட்டும் ஒப்புமை விழுக்காடு தீர்ப்பு அல்ல. துணைநூற்பட்டியலும் முறையான மேற்கோள்களும்கூட அதில் எண்ணப்படலாம். 20 விழுக்காடு அங்கங்கே சிதறிய பொதுத் தொடர்களாக இருந்தால் கவலையில்லை. 4 விழுக்காடு ஒரே மூலத்திலிருந்து வந்த ஒரு முழுப் பத்தி என்றால் அதுதான் ஆபத்து. எண்ணைக் குறைக்கச் சொல்மாற்றும் கருவியில் போட்டெடுப்பது திருட்டை மறைக்குமே தவிர நீக்காது. செயற்கை நுண்ணறிவு தரும் நூற்பட்டியலில், உலகில் எங்குமே இல்லாத நூல்களும் இருக்கக்கூடும்; ஒவ்வொன்றையும் திறந்து பார்க்காமல் சேர்க்க வேண்டாம்.

சமர்ப்பிக்கும் முன் ஏதாவது ஒரு வாக்கியம் உங்கள் நடைக்கு ஒட்டாமல் பளபளத்தால், அதிலிருந்து எட்டுச் சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டு இணையத்தில் தேடுங்கள். மூலம் அகப்பட்டால் சான்று சேருங்கள். அகப்படாமல் சந்தேகம் மட்டும் மிஞ்சினால், வாக்கியத்தை நீக்கிவிடுங்கள்.