தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் மோர் ஊற்ற வருகிறவர்களுக்கு

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையார் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு அருகே நீர்மோர் கொடுப்போம். முதல்முறை வருகிறீர்களா? சொல்கிறேன்.

நகராட்சியிலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மைக் வேண்டாம். சேலம், ஓசூர் என்று கண்டக்டர்கள் கூவுகிற இடத்தில் யார் காதில் விழும்?

10 லிட்டர் தயிருக்கு 40 லிட்டர் தண்ணீர். 200 மில்லி டம்ளரில் 250 பேருக்கு வரும். இஞ்சியைத் தட்டிப் போடுங்கள்.

மோரோடு துண்டுப்பிரதிகளும், அதாவது இயேசுவைப் பற்றிய சிறு அச்சுத்தாள்களும், வைத்திருப்போம். அந்த விஷயத்தில்தான் கவனம் வேண்டும். முதல் வருடம் நான் அதை டம்ளரோடு சேர்த்துக் கையில் திணித்தேன். பாப்பாரப்பட்டி பஸ்ஸுக்கு நின்ற பெரியவர் ஒருவர் மோரைக் குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டு, "இதுக்குத்தானாப்பா?" என்றார். எனக்கு முகமே செத்துப்போயிற்று. இப்போது பிரதிகள் தனி மேசையில், மேலே ஒரு கல்லோடு இருக்கும். கேட்டால் மட்டும் கொடுங்கள். ஜெபிக்கச் சொன்னால் ஓரமாக நின்று, சுருக்கமாக. தனியாக நிற்கும் பிள்ளைகளுக்கு மோர் மட்டும்தான்.

அப்புறம், பிளாஸ்டிக் கப்புக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் டம்ளர்தான், கழுவ இரண்டு வாளி, கழுவுவதற்கு சலிக்காத ஒரு ஆள்.