அப்பாயியின் கப்பல் பயணத்தை எழுதி வைப்பது எப்படி

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் வாழ்ந்துவந்த சுமார் 9,75,000 தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்றும் முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இவர்களில் பெரும்பாலோர் இலங்கையின் மலைப்பகுதியான மலையகத்தில் வேலை செய்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். அந்தக் கணக்கில் ஒருவராகத் தலைமன்னாரில் கப்பலேறி வந்த அப்பாயியோ அம்மாயியோ இன்று கூடலூரிலோ கோத்தகிரியிலோ திருச்சிப் பக்கத்துக் கிராமத்திலோ உங்களோடு இருந்தால், அவருடைய பயணத்தை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். ஒப்பந்தத்தைப் பற்றி எழுத ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். எந்த வாழ்வை எதிர்பார்த்து அவர் கப்பலில் ஏறினார் என்பதை அவர் ஒருவர்தான் சொல்ல முடியும், அதை உட்கார்ந்து கேட்க வேண்டியது வீட்டுப் பிள்ளையின் வேலை.

பேச்சைத் தொடங்கும் முன் வீட்டிலிருக்கும் பழைய தாள்களைத் தேடி எடுங்கள். தகரப் பெட்டியிலோ பீரோவின் அடித்தட்டிலோ இந்தியப் பாஸ்போர்ட், புனர்வாழ்வு உதவி இன்னதென்று குறித்த குடும்ப அட்டை, சேமலாப நிதித் (வருங்கால வைப்பு நிதி) துண்டு, தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்றிரண்டாவது இருக்கும். ஒவ்வொன்றையும் இரு பக்கமும் வெயில் வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தாளில் உள்ள பெயரும் வயதும் அவர் சொல்வதோடு பொருந்தாமல் போவது சாதாரணம், ஏனெனில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அப்படியிருந்தால் இரண்டையும் அப்படியே குறியுங்கள், எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஆண்டுகளைக் கேட்டுப் பயனில்லை. அவருக்கு நினைவிருப்பது நிகழ்ச்சிகள்தான், அவற்றைக் கொண்டு ஆண்டை நாமே கண்டுபிடித்துவிடலாம். ராமேஸ்வரத்தில் இறங்கினோம் என்று சொன்னால் அது தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலுக்குப் பிந்தைய பயணம். தனுஷ்கோடியில் இறங்கினோம் என்று சொன்னால் அது புயலுக்கு முந்தையது, அதாவது ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்கும் முன்னது. அப்போது, அது அவருடைய பயணமா, அவருடைய தாயார் சொல்லிக் கேட்டதா என்று பொறுமையாக மறுபடி கேளுங்கள். அரிசிக்கும் மாவுக்கும் அல்லாடிய காலம் என்றால் 1973, 1974. வெள்ளைக்காரக் கம்பெனியின் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது 1975. கலவரத்துக்குப் பயந்து காட்டில் படுத்திருந்தோம் என்றால் அது 1977 ஆகஸ்டாகவோ அதற்குப் பிந்தைய கலவரங்களில் ஒன்றாகவோ இருக்கலாம்; வந்தது எந்தப் பிள்ளை பிறந்த பிறகு என்று கேட்டால் தெளிவாகிவிடும்.

“ஏன் அப்பாயி இந்தியாவுக்கு வந்தீங்க?” என்று நேராகக் கேட்டால், “கார்டு வந்துச்சு, வந்துட்டோம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். புறப்பட்ட அன்றைக் காலையிலிருந்து தொடங்குங்கள். எதை விற்றார்கள், எதை எடுத்துக்கொண்டார்கள், லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறையில், எதை விட்டுவந்தார்கள், ரயிலடிவரை யார் வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். என் அப்பாயி அம்மிக் குழவியை மட்டும் கோணிச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார், அம்மியை இலங்கைக் குடியுரிமை கிடைத்துத் தங்கிவிட்ட தங்கையின் வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்துவிட்டார். புது ஊரில் ஒரு கல் கொத்திக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. சொந்தமாக ஒரு வீடு அமையும், அந்த அடுப்படிக்கு ஓர் அம்மி வேண்டும் என்று அவர் நம்பியே வந்திருக்கிறார் என்பது குழவியைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கீரை ஆய்ந்துகொண்டோ புளி கொட்டை எடுத்துக்கொண்டோ இருக்கும் நேரம் இதற்கு நல்லது. கைபேசியை மின்விசிறிக்கு நேரே வைக்காமல், மடித்த துண்டின் மேல் அவருக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நல்ல வாழ்வு என்று அவர் எதை நினைத்தார் என்பதே நீங்கள் எழுதப்போவதன் உயிர்நிலை, இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். அதை மூன்று காலத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள்: கப்பலேறும் முன் என்ன நினைத்தார், வந்த முதல் ஆண்டில் என்ன நினைத்தார், இப்போது என்ன நினைக்கிறார். விடிவதற்கு முன், வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுத் தப்புச் சத்தத்துக்கு எழுந்து, கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான புள்ளக் காம்பராவில் விட்டுவிட்டு மலையேறிய ஒருவருக்கு, நல்ல வாழ்வு என்பது மிகத் திட்டமான ஒரு பொருளாக இருந்திருக்கும். ஒருவருக்கு அது பட்டாவோடு மூன்று சென்ட் நிலம். இன்னொருவருக்கு, 1948-இல் குடியுரிமையையும் அடுத்த ஆண்டு வாக்குரிமையையும் பறிகொடுத்த குடும்பத்தில் பிறந்ததால், வாக்காளர் பட்டியலில் தன் பெயர். என் அப்பாயி, மகன் அரைப்பேர் வாங்காத வேலைக்குப் போக வேண்டும் என்றார். குறித்த இறாத்தல் (பவுண்டு) கொழுந்து நிறையாத நாளில் பாதிக் கூலிதான் பதிவாகும், அந்தப் பயம் மகனுக்கு இருக்கக் கூடாது என்பதே அவருடைய முழு ஆசை. இப்படி ஒரு சொல் கிடைத்தால் அதை “முன்னேற்றம்”, “சிறந்த எதிர்காலம்” என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். காம்பரா, இஸ்தோப்பு, அரைப்பேர் போன்ற சொற்களை அவர் வாயில் வந்தபடியே வைத்து, விளக்கத்தை உங்கள் வாக்கியத்தில் சொல்லுங்கள்.

வந்த பின் நடந்ததை மழுப்பாமல் எழுத வேண்டும். மண்டபம் முகாமில் தங்கிய பின் சிலர் வியாபாரக் கடனோடு பழக்கமில்லாத ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள், வியாபாரமே செய்தறியாதவர்களின் கையில் அந்தப் பணம் நிலைக்கவில்லை. சிலர் நூற்பாலைகளுக்குப் போனார்கள். பலர், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968-இல் தொடங்கி இன்று டான்டீ எனப்படும் தேயிலைத் திட்டத்தில் சேர்ந்து, நீலகிரியில் மறுபடியும் கூடையை முதுகில் மாட்டினார்கள். அரசுத் தாள்கள் இவர்களைத் திரும்பி வந்தவர்கள் என்று குறித்தாலும், அங்கேயே பிறந்து வளர்ந்த உங்கள் அப்பாயி இந்தியாவை முதன்முதலாகப் பார்த்தது கப்பலிலிருந்து இறங்கியபோதுதான் என்றால், அதை அவருடைய புலம்பெயர்வாகவே எழுதுங்கள். இங்கே வந்தபின் “சிலோன்காரர்” என்று ஒதுக்கப்பட்டதையும் அவர் சொன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். “வந்தது நல்லதா?” என்பதற்கு அவர் இன்றொன்றும் நாளையொன்றும் சொல்வார். இரண்டும் உண்மை, இரண்டுக்கும் தேதி போட்டுப் பதிவு செய்யுங்கள்.

அங்கே தங்கிவிட்ட தங்கையோ அண்ணனோ இருந்தால் வாட்ஸ்அப்பில் அழைத்து அவர்களிடமும் கேளுங்கள், ஆனால் இருவரையும் ஒரே அழைப்பில் வைத்துக் கேட்க வேண்டாம். ஒருவர் நினைவை மற்றவர் திருத்தத் தொடங்கினால் இரண்டுமே கெட்டுவிடும்.

எழுதி முடித்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எடுத்துவிடச் சொல்வதை, அது எவ்வளவு நல்ல பகுதியாக இருந்தாலும், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். பிறகு அச்செடுத்து, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடு உட்பட ஒவ்வொரு உறவினர் வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், ஒலிப்பதிவை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.