பச்சைத் தேயிலைக் கணக்குக்கு ஓர் இணையப் பக்கம்: ஆப்ஷீட்டில் தொடங்கி பிஎச்பிக்கு வரும் வழி

நிரல் எழுதாமலே செயலி அமைத்துத் தரும் ஆப்ஷீட் போன்ற, எல்லா வசதிகளையும் ஒன்றாக அடக்கிய கருவியில் தொடங்குவதா, பிஎச்பி அல்லது பைத்தான் போன்ற ஒரு நிரல் மொழியை முறையாகக் கற்பதா என்று புதிதாக நிரல் எழுத வருபவர்கள் தயங்குகிறார்கள். இரண்டையும் இந்த வரிசையிலேயே செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை. கருவி தரவுக்கு விரைவாக வடிவம் கொடுத்துவிடும். கணக்கு எப்படி நடக்கிறது என்பதை மொழிதான் கற்றுத்தரும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ள பச்சைத் தேயிலைக் கணக்கையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதல் படி: தாளில் எழுதுதல்

கணினியைத் திறப்பதற்கு முன், எதைப் பதிவு செய்யப்போகிறோம் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தேதி, தோட்டத்தின் பெயர், தராசில் நின்ற எடை, மழை நாளாக இருந்தால் ஈரத்துக்காகக் கழித்த விழுக்காடு ஆகிய நான்கும் போதும். கழிவு போக மிஞ்சிய எடையையும் கிடைக்கவேண்டிய தொகையையும் பதிவேட்டில் எழுதவே கூடாது. அவை கணக்கிட்டுப் பெறவேண்டியவை. எழுதி வைத்துவிட்டால், பிறகு விழுக்காட்டைத் திருத்தும்போது பழைய தொகை அப்படியே நின்று நம்மைக் குழப்பும்.

விலையையும் ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டாம். நீலகிரியில் பச்சைத் தேயிலையின் விலையைத் தேயிலை வாரியம் மாதவாரியாக அறிவிக்கிறது என்பதால், இலையைக் கொடுக்கும் நாளில் அதன் விலை நமக்குத் தெரிந்திருப்பதில்லை. ஆகவே மாதம், கிலோ விலை என்ற இரண்டு பத்திகள் மட்டும் கொண்ட தனி அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டால், விலை அறிவிக்கப்பட்டதும் ஓரிடத்தில் எழுதினாலே அந்த மாதத்து வரிகள் அனைத்துக்கும் அது பொருந்திவிடும். தரவை இப்படிப் பிரித்து வைக்கும் பழக்கம் எந்தக் கருவிக்கும் எந்த மொழிக்கும் உதவும் என்பதால், இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: கருவியில் படிவம்

கூகுள் ஷீட்ஸில் பதிவேட்டுக்கு ஒன்றும் விலை அட்டவணைக்கு ஒன்றுமாக இரண்டு தாள்களைத் திறந்து, ஒவ்வொன்றின் முதல் வரியிலும் பத்தித் தலைப்புகளை இடுங்கள். பிறகு எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற பட்டியலில் ஆப்ஷீட்டைத் தேர்ந்தெடுத்துச் செயலியை உருவாக்கச் சொன்னால், தலைப்புகளைப் பார்த்து அதுவே ஒரு படிவத்தை அமைத்துத் தரும். எடைப் பத்தி பதின்மப் புள்ளியுள்ள எண்ணாகவும் தேதிப் பத்தி தேதியாகவும் அமைந்திருக்கின்றனவா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் சிக்னல் போய்விட்டாலும், ஆப்ஷீட் பதிவைத் தொலைபேசியிலேயே வைத்திருந்து இணைப்பு வந்ததும் அனுப்பிவிடும். இந்த வசதியை நாமே நிரலாக எழுதுவது தொடக்கநிலையினருக்கு எளிதன்று. கருவியின் மதிப்பு இத்தகைய இடங்களில்தான் தெரிகிறது.

மூன்றாம் படி: தரவை வெளியே எடுத்தல்

ஒரு மாதம் பதிவு செய்தபின், ஃபைல் பட்டியலில் உள்ள டவுன்லோடு வழியாகத் தரவைச் சிஎஸ்வி கோப்பாக, அதாவது பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய எழுத்துக் கோப்பாக, இறக்குங்கள். திறந்திருக்கும் தாள் மட்டுமே இறங்கும் என்பதால் இரண்டு தாள்களையும் தனித்தனியே இறக்க வேண்டும். இதை மாதந்தோறும் செய்யுங்கள். கூகுள் நிறுவனமே நடத்திவந்த ஆப் மேக்கர் என்னும் கருவி 2021 ஜனவரியில் நிறுத்தப்பட்டபோது, அதில் கட்டிய செயலிகளை அப்படியே வேறிடத்துக்குக் கொண்டுபோக வழியில்லாமல் போயிற்று. மொழிகளும் மாறாதவை அல்ல: 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி, 2015இல் வந்த ஏழாம் பதிப்பில் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தோடு இணைவதற்கான பழைய செயற்கூறுகளை நீக்கிவிட்டது. ஆனால் பிஎச்பியில் எழுதிய நிரல்களின் கோப்புகள் எழுதியவர் கையில் இருந்தன, ஆகையால் அவற்றைத் திருத்த முடிந்தது. எனக்கு மிக முக்கியமாகப்படும் வேறுபாடு இதுவே.

நான்காம் படி: பிஎச்பியில் கணக்கு

பிஎச்பியை நிறுவி, புதிய கோப்புறை ஒன்றில் சிஎஸ்வி கோப்புகளையும் வெற்று நிரல் கோப்பையும் வையுங்கள். தமிழ் எழுத்துகள் சிதையாமலிருக்க, நிரல் கோப்பை யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமிக்க வேண்டும். 2012இல் வந்த 5.4 பதிப்பு முதல் பிஎச்பிக்குள்ளேயே, பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் ஒரு சிறு சர்வர் இருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் அந்தக் கோப்புறைக்குச் சென்று, பிஎச்பி, இடைவெளி, கழித்தல் குறியுடன் ஒட்டிய பெரிய எஸ், இடைவெளி, லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8000 என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் அது இயங்கத் தொடங்கும். இது சோதனைக்கு மட்டுமே உரியது. பொது இணையத்தில் வைக்கத் தகுந்ததன்று.

நிரல் செய்ய வேண்டியது இவ்வளவே: கோப்பை வரிவரியாகப் படித்து, தலைப்பு வரியைத் தவிர்த்து, எடையை 1000ஆல் பெருக்கி முழு எண்ணான கிராமாக்கி, கழிவைக் கழித்து, மாதவாரியாகக் கூட்டி, அந்த மாதத்துக் கிலோ விலையால் பெருக்கி, 1000ஆல் வகுக்க வேண்டும். கிராமாக மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணினி பின்னங்களை இரும எண்களாக வைத்திருப்பதால், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 கிடைக்காது, நூற்றுக்கணக்கான வரிகளைக் கூட்டும் கணக்கில் இத்தகைய பிசிறுகளுக்கு இடம் தரக்கூடாது.

ஐந்தாம் படி: சரிபார்த்தல்

தராசில் 48.5 கிலோ, கழிவு 10 விழுக்காடு, விலை 20 ரூபாய் என்று ஒரு கற்பனை வரியைக் கொடுத்துப் பாருங்கள். நிகர எடை 43,650 கிராமும் தொகை 873 ரூபாயும் வரவேண்டும். அடுத்து, தொழிற்சாலை தந்த சென்ற மாதத்து ரசீதோடு நிரலின் விடையை ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் கழிவுப் பத்தியைப் பாருங்கள்: அங்கே விழுக்காட்டுக் குறியையும் சேர்த்துத் தட்டியிருந்தால் அதை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் வைத்து, நிரலை மறுபடியும் இயக்குங்கள்.