சூறாவளிக்கு ஆயத்தமாகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூறாவளி நெருங்குகிறது என்ற செய்தி வந்ததும் பெரும்பாலோர் முதலில் கேட்பது, 'இது எத்தனையாவது வகை?' என்பதைத்தான். முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. ஹெர்பர்ட் சஃபிர் என்ற பொறியாளரும் ராபர்ட் சிம்ப்சன் என்ற வானிலை அறிஞரும் வகுத்த ஐந்து படி அளவுகோல், காற்றின் நீடித்த வேகத்தை மட்டுமே அளக்கிறது. மணிக்கு 119 கி.மீ. வேகத்தைத் தொட்டால் முதல் வகை, 252 கி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் ஐந்தாம் வகை. கடல்நீர் எவ்வளவு உயரும், மழை எத்தனை நாள் நின்று பெய்யும், புயலின் உடல் எத்தனை கிலோமீட்டர் அகன்றது என்பவற்றில் எதையும் அந்த எண் சொல்வதில்லை. ஆனால் 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் அட்லாண்டிக் சூறாவளிகள் நேரடியாகப் பறித்த உயிர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரால் போனவை. மொத்தத்தில் சுமார் பாதி, புயல் கரைக்குத் தள்ளிவந்த கடல்நீரால் மட்டும் போனவை. காற்றைப் பார்த்து நாம் ஆயத்தமாகிறோம். ஆளை அடித்துச் செல்வதோ தண்ணீர்.

2008-இல் டெக்சாஸ் கரையைக் கடந்த ஐக் இரண்டாம் வகைச் சூறாவளிதான். ஆனால் மிக அகன்ற புயல் என்பதால் அது திரட்டிவந்த கடல்நீர் பொலிவார் தீபகற்பத்தில் வீடுகளைத் தூண்கள் மட்டும் நிற்கும்படி வழித்தெடுத்துச் சென்றது. 2017-இல் ஹார்வி, காற்று வேகம் தணிந்து வெப்பமண்டலப் புயலாகத் தேய்ந்த பிறகுதான் ஹூஸ்டன் நகரை மூழ்கடித்தது; டெக்சாஸின் நெடர்லாந்து என்ற ஊரில் பெய்த மழை 1,500 மில்லிமீட்டரைத் தாண்டியது. 'வலுவிழந்துவிட்டது' என்ற சொல் காற்றைப் பற்றியது. அதைக் கேட்டு ஆயத்தத்தைத் தளர்த்துவது ஆபத்தானது.

இதோடு பிறந்த இன்னொரு தவறு, பழைய புயலை அளவுகோலாக்கிக்கொள்வது. 1969-இல் மிசிசிப்பி கரையைத் தாக்கிய கமில் ஐந்தாம் வகைச் சூறாவளி. அப்போது நீர் எட்டாத வீடுகளில் இருந்தவர்களில் பலர், 2005-இல் மூன்றாம் வகையாகக் கரையேறிய கத்ரீனாவின்போது வெளியேற மறுத்தார்கள். கமிலையே தாங்கிய வீடு இதையும் தாங்கும் என்று அவர்கள் நம்பியது இயல்பானதுதான். ஆனால் கத்ரீனா அதே கரையில் எட்டு மீட்டருக்கும் மேலாகக் கடலை உயர்த்தியது. ஒரு புயலில் பிழைத்தது அந்தப் புயலின் பாதை, வேகம், அகலம், அன்றைய ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஆகியவற்றால் நேர்ந்தது. அடுத்த புயல் அவற்றில் ஒன்றையாவது மாற்றிக்கொண்டுதான் வரும். எனவே வீட்டில் மூத்தவர்களின் நினைவை மதிக்க வேண்டும். ஆனால் முடிவை, தரைமட்டத்திலிருந்து வீட்டின் உயரமும் அந்தப் பகுதிக்கென உள்ளாட்சி வெளியிட்ட வெளியேற்ற மண்டல வரைபடமும் எடுக்கட்டும். மண்டலம் எது என்பதைப் புயல் இல்லாத ஒரு நாளில் பார்த்து, எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டிவைப்பது சில நிமிட வேலை.

தொலைக்காட்சியில் காட்டப்படும் கூம்பு வடிவப் படத்தைத் தவறாகப் படிப்பவர்களும் மிகுதி. மையாமியிலுள்ள தேசிய சூறாவளி மையம் வெளியிடும் அந்தக் கூம்பு, புயலின் மையப்புள்ளி எங்கே செல்லக்கூடும் என்பதை மட்டும் காட்டுகிறது. மூன்றில் இரண்டு தடவை அளவுக்குத்தான் மையம் அதற்குள் அடங்கும் என்ற கணக்கில் அது வரையப்படுகிறது. கூம்புக்கு வெளியே இருப்பவருக்கும் காற்றும் மழையும் கடல்நீரும் வரும். கூம்பின் நடுக்கோட்டை மட்டும் பார்ப்பது இன்னும் கெடுதல்: 2004 ஆகஸ்டில் சார்லி சூறாவளிக்கு எல்லோர் கண்ணும் ஃபுளோரிடாவின் டாம்பா நகரின் மேல் இருந்தபோது, அது திரும்பி, தெற்கே புன்டா கோர்டா அருகே தாக்கியது. அந்தப் பகுதி கூம்புக்குள்தான் இருந்தது.

'இன்னும் நேரம் இருக்கிறது' என்ற எண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தேசிய சூறாவளி மையம், புயல்காற்று தொடங்குவதற்கு ஏறத்தாழ 48 மணி நேரம் முன்பே முன்னறிவிப்பையும் 36 மணி நேரம் முன்பு எச்சரிக்கையையும் விடுக்க முயல்கிறது. ஆனால் 2023 அக்டோபரில் ஓட்டிஸ், ஒரு நாளுக்குள் சாதாரண வெப்பமண்டலப் புயலிலிருந்து ஐந்தாம் வகைச் சூறாவளியாகப் பெருத்து மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கியது. ஒரு நாள் அவகாசத்தில் பலகை வாங்கி, மருந்து வாங்கி, எரிபொருள் நிரப்பி, முதியவரை அழைத்துக்கொண்டு கிளம்புவது எந்தக் குடும்பத்தாலும் இயலாது. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 அன்று தொடங்கி நவம்பர் 30 வரை நீடிக்கிறது. வாங்க வேண்டியவற்றை மே மாதத்திலேயே வாங்கி முடித்திருப்பதே சரியான காலக்கணக்கு.

வெளியேறுவதில் இரண்டு விதமான தவறுகள் எதிரெதிராக நடக்கின்றன. போக வேண்டியவர்கள் போகாமல் இருக்கிறார்கள்; போகத் தேவையில்லாதவர்கள் போய்ச் சாலையை அடைக்கிறார்கள். 2005-இல் கத்ரீனாவின் அச்சம் தணியாத நிலையில் ரீட்டா வந்தபோது, ஹூஸ்டன் வட்டாரத்திலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் கிளம்பினார்கள். வெயிலில், நகராத நெடுஞ்சாலைகளில், பலர் உயிரிழந்தனர். முதியோர் இல்லத்தவரை ஏற்றிச் சென்ற ஒரு பேருந்து தீப்பற்றியதில் மட்டும் 23 பேர் இறந்தார்கள். கடல்நீரோ ஆற்று வெள்ளமோ எட்டும் இடத்தில் இருப்பவரும், காற்றைத் தாங்காத இலகுவான வீட்டில் இருப்பவரும் கட்டாயம் வெளியேற வேண்டும். உயரமான இடத்தில் உறுதியான வீட்டில் இருப்பவர், அரசு வெளியேறச் சொல்லாதவரை, அங்கேயே இருப்பது தனக்கும் மற்றவருக்கும் நல்லது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டியதில்லை. நீர் எட்டாத உயரத்தில், சில பத்துக் கிலோமீட்டரில் உள்ள நண்பர் வீடு பெரும்பாலும் போதும். வளர்ப்புப் பிராணிகளை எங்கே சேர்ப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் விடுவதும் தவறு. கத்ரீனாவில் நாயையும் பூனையையும் விட்டுப் பிரிய மனமின்றி வீட்டிலேயே தங்கியவர்கள் இருந்தார்கள். அதனால்தான் பிராணிகளையும் வெளியேற்றத் திட்டங்களில் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்கா 2006-இல் சட்டமே இயற்றியது.

கடலிலிருந்து தொலைவில் இருப்பதால் தனக்கு இது பொருந்தாது என்று நினைப்பவருக்கு 2024 செப்டம்பரில் வந்த ஹெலீன் ஒரு விடை. அது ஃபுளோரிடா கரையைக் கடந்தாலும், கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, வட கரோலினாவின் மலைப்பகுதியில்தான் கொடிய வெள்ளத்தை ஏற்படுத்தியது. ஆஷ்வில் நகரில் குழாய்நீர் குடிக்கத் தக்கதாகத் திரும்புவதற்கு 50 நாட்களுக்கு மேல் ஆயிற்று.

வீட்டைப் பாதுகாப்பதில் பழகிப்போன மூன்று தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கண்ணாடியில் பெருக்கல் குறியாக ஒட்டப்படும் நாடா அதை உடையாமல் காப்பதில்லை. உடையும்போது பெரிய, கூரான துண்டுகளாக விழவே வழிசெய்கிறது. தடித்த பிளைவுட் பலகையோ சூறாவளிக்கென்றே செய்த கதவடைப்போதான் பயன் தரும். காற்றழுத்தம் சமமாகட்டும் என்று ஒரு சன்னலைத் திறந்துவைப்பது அதைவிட மோசம். உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து மேலே தள்ள, வெளியே ஓடும் காற்று மேலிருந்து இழுக்க, கூரை பிய்ந்துகொள்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை நினைத்தால், பலரும் மறந்துவிடும் வண்டிக்கூடத்தின் அகன்ற கதவு ஏன் முதலில் உள்வாங்குகிறது என்பது விளங்கும். அந்தக் கதவை வலுப்படுத்துவதும், கூரைச் சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் உலோகப் பட்டைகள் இருக்கின்றனவா என்று ஒரு தச்சரைக் கொண்டு பார்ப்பதும், சன்னல்களுக்குச் செய்யும் செலவுக்கு இணையான பலன் தரும்.

தண்ணீர், உணவு பற்றிய அறிவுரை எல்லோருக்கும் தெரிந்ததே: ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 4 லிட்டர் நீர், குறைந்தது மூன்று நாட்களுக்கு. ஆஷ்வில் அனுபவத்தைப் பார்த்தபின், இரண்டு வாரம் என்று கணக்கிடுவதே அறிவுடைமை என்று நான் கருதுகிறேன். குளியல் தொட்டியில் நிரப்பிய நீரைக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ள வேண்டும், குடிக்க அல்ல. மின்சாரம் போனபின் மூடியே வைத்திருந்தால் குளிர்சாதனப் பெட்டி சுமார் 4 மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும் குளிர்ச்சியைக் காக்கும். அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் உணவைக் கெடுக்கிறது.

புயல் நடக்கும்போது ஒரு ஏமாற்றம் உண்டு. காற்று சட்டென்று நின்று, மேகம் விலகி, வெளிச்சம்கூடத் தெரியலாம். அது புயலின் கண். வெளியே வந்து கூரையைப் பார்க்க ஏறுபவர், எதிர்த்திசையிலிருந்து அதே மூர்க்கத்தோடு திரும்பும் காற்றில் அகப்பட்டுக்கொள்வார். முடிந்துவிட்டது என்று அதிகாரிகள் அறிவிக்கும்வரை உள்ளேயே இருக்க வேண்டும்.

இனி, புயல் ஓய்ந்த பிறகு நடக்கும் தவறுகள். என் கருத்தில் மிகவும் வருந்தத்தக்கவை இவைதான், ஏனெனில் இவற்றில் சாகிறவர்கள் புயலில் பிழைத்தவர்கள். 2020-இல் லாரா சூறாவளிக்குப் பின் லூசியானாவில் ஜெனரேட்டர் புகையால் குடும்பத்தில் பலரும் ஒன்றாக இறந்த துயரம் நடந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலியும் தூக்கமுமாகத் தொடங்கும், தூங்கியவர் எழுவதில்லை. வண்டிக்கூடத்தின் கதவைத் திறந்துவைத்து உள்ளே ஜெனரேட்டரை இயக்கினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. அது வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்தவெளியில், புகைக்குழாய் சன்னல்களை நோக்காதபடி இருக்க வேண்டும். மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் ஒன்று உறங்கும் அறைக்கு அருகே இருக்கட்டும். ஜெனரேட்டரை நேராகச் சுவரிலுள்ள மின்துளையில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுப்பவர், தெருக்கம்பியைப் பழுதுபார்க்க ஏறியிருக்கும் ஊழியரின் உயிரைப் பறிக்கக்கூடும்.

வெள்ளநீரில் நடப்பதும் வண்டி ஓட்டுவதும் அப்படியே. ஓடும் நீர் 15 செ.மீ. ஆழமிருந்தாலே பெரியவரைச் சாய்க்கும், 30 செ.மீ. சிறிய காரை நகர்த்தும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும். அடியில் சாலை இருக்கிறதா, அறுந்த மின்கம்பி கிடக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது.

காப்பீடு பற்றி ஒரு செய்தி மட்டும். அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். புயல் பெயர் பெற்றபின் விண்ணப்பிப்பது வீண்.

ஆயினும் மிகப் பெரிய தவறு, ஆயத்தம் என்பது தன் வீட்டு வாசலோடு முடிகிறது என்று எண்ணுவது. 2017 செப்டம்பரில் மரியா போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது முதலில் அரசு கணக்கில் இறந்தவர்கள் 64 பேர். பின்னர் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு, அடுத்த மாதங்களில் வழக்கத்தைவிட மிகையாக நேர்ந்த சாவுகள் 2,975 என்று மதிப்பிட்டது. மின்சாரம் முழுதாகத் திரும்ப ஏறக்குறைய ஒரு வருடம் ஆன அந்தத் தீவில், அதிகம் துன்புற்றவர்கள் முதியவர்களும் ஏழைகளும். டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆக்சிஜன் கருவியைச் சார்ந்திருப்பவர், இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டியவர் ஆகியோருக்கு மின்வெட்டு என்பது நோயே. அதே ஆண்டு இர்மா சூறாவளிக்குப் பின் ஃபுளோரிடாவில் ஒரு முதியோர் இல்லத்தில், குளிரூட்டி நின்றதால் ஏற்பட்ட வெக்கையில் 12 பேர் இறந்தார்கள்.

இதற்கு மாற்றாகக் கியூபாவைச் சொல்லலாம். 1963-இல் ஃப்ளோரா சூறாவளி அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு குடிமைப் பாதுகாப்பு அமைப்பு தெருமட்டம் வரை கட்டப்பட்டது. பருவம் தொடங்குமுன் ஆண்டுதோறும் நாடு தழுவிய ஒத்திகை நடக்கிறது. எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வீட்டில் கருவுற்ற பெண் இருக்கிறார், அவர்களை யார் எந்த வீட்டுக்கு அழைத்துப்போவது என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும்.

அத்தகைய பட்டியலை எந்தத் தெருவும் தயாரிக்கலாம். ஆனால் தயாரிப்பதிலும் தவறுகள் நேர்கின்றன. பெயர்கள் மட்டும் இருக்கும், அவர்களுக்குப் பொறுப்பாளர் இருக்க மாட்டார். அப்படியானால் யாராவது போயிருப்பார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் வீட்டுக்குப் போக வேண்டியவரின் பெயர் ஒன்றும், அவர் ஊரில் இல்லாவிட்டால் போக வேண்டியவரின் பெயர் ஒன்றும் எழுதப்பட வேண்டும். பட்டியல் கைப்பேசியில் மட்டும் இருந்தால் கோபுரம் விழுந்தபின் அது இல்லை என்றே பொருள். காகிதத்தில், நீர் புகாத உறையில், குறைந்தது மூன்று வீடுகளில் இருக்க வேண்டும். தெருவின் மழைநீர் வடிகாலைத் தூர்வாருவது யார், மரம் அறுக்கும் இயந்திரம் யாரிடம் உள்ளது, முதலுதவி தெரிந்தவர் யார், அறிவிப்புகளின் மொழி புரியாத குடும்பத்துக்கு விளக்கிச் சொல்பவர் யார் என்பவையும் அதில் இடம்பெறட்டும். சிதறிப்போனவர்கள் தகவல் சொல்ல, புயல் எட்டாத வேறு ஊரிலுள்ள ஒருவரின் எண்ணையும் எல்லோரும் குறித்துக்கொள்ளலாம். நெரிசல் மிகுந்த நேரத்தில் அழைப்பைவிடக் குறுஞ்செய்தி எளிதில் போய்ச் சேரும்.

ஒரு முறை எழுதிய பட்டியலை ஐந்தாண்டுக்குப் பின் எடுத்துப் பார்த்தால், அதில் உள்ளவர்களில் சிலர் வீடு மாறியிருப்பார்கள்; சென்ற ஆண்டு ஓடியாடிய ஒருவர் இந்த ஆண்டு ஆக்சிஜன் கருவியோடு இருப்பார்; புதிதாகக் குடிவந்தவர்களின் வாசலை யாரும் தட்டியிருக்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு மே மாதமும், வானம் தெளிந்திருக்கும் ஒரு மாலையில், இரண்டு பேராகத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வீடு வீடாகச் சென்று அதைத் திருத்தி எழுத வேண்டும்.