ஒலிக்கதையை நிறுத்தி நிறுத்தி வாசிக்க வைத்தேன்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டுப் பேச்சு கிரியோல்தான். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழுக்கு என்று ஆறு வயது மகளுக்குப் போனில் ஒலியோடு வரும் கதைப்புத்தகம் போட்டுக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் முழுக்கதையையும் கடகடவென்று வாசித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் சும்மா படத்தைக் கையால் மறைத்தேன். ஒரு சொல் வரவில்லை! எல்லாம் மனப்பாடம். கண் படத்தில் இருந்திருக்கிறது, காது கதையில்.

வேகத்தை 0.75 ஆக்கினேன். அவள் விரல் சொல்லுக்கு அடியில் நகர வேண்டும், வரி முடிந்ததும் ஒலியை நிறுத்துவேன், அதே வரியை அவள் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான். முதல் வாரம் ஒரே அழுகை.

'பாம்பு' வந்தபோது நன்றாக மாட்டிக்கொண்டேன். முதலில் வரும் 'பா' வேறு ஒலி, கடைசி 'பு' வேறு ஒலி. பிரெஞ்சில் இதற்குத் தனித்தனி எழுத்து உண்டே, இங்கே ஏன் ஒன்றுதான் என்று கேட்டாள். 'ப'வுக்கு முன்னால் 'ம்' போல மூக்கொலி வந்தால் அதன் ஒலி மெலியும் என்று விளக்கப் போய் நானே குழம்பினேன். சரி என்று ஒலியையே மூன்று முறை போட்டேன். அப்புறம் 'தம்பி'யை அவளே சரியாகச் சொன்னாள். இந்த இடத்தில் ஒலிப்புத்தகம் என்னைவிட நல்ல வாத்தியார்.

போன வாரம் கடையில் ரூபாய் நோட்டை வாங்கி, அதிலிருந்த தமிழ் எழுத்தை விரல் வைத்து வாசித்தாள். 'நூறு' என்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது.