மரத்தில் பறவை செதுக்குவோர் பார்க்கும்போதே விடுகிற பிழைகள்

செதுக்கி முடித்த பறவையில் ஏதோ சரியில்லை என்று தெரியும். எது என்று பிடிபடாது. அநேகமாக அந்தப் பிழை மரத்தில் கத்தி படுமுன்னரே நடந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் பண்ணைக் கரையிலோ அராலிக் கரையிலோ பைனாகுலரோடு நிற்கும்போது குறிக்காமல் விட்டதை மேசையில் இருந்து இட்டு நிரப்ப முடியாது.

முதலில் நீளம். வெண்மார்பு மீன்கொத்தி 28 சென்ரிமீற்றர் என்று கையேடு சொன்னால், அது பறவையை மல்லாத்திக் கிடத்தி அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை நீட்டி எடுத்த அளவு. கம்பியில் குந்தியிருக்கும் மீன்கொத்தியோ கழுத்தை ஒடுக்கி, அலகை உடலுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த அலகு மட்டுமே ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். உச்சந்தலை தொடங்கி வால் வரை 28 வைத்து வெட்டினால் மீன்கொத்தித் தலையோடு ஒரு காகம்தான் கிடைக்கும். அலகையே அளவுகோலாக எடுங்கள்: தலை எத்தனை அலகு, உடல் எத்தனை, வால் எத்தனை என்று பார்த்த இடத்திலேயே கொப்பியில் எழுதுங்கள்.

அடுத்தது, பக்கவாட்டுப் படம் ஒன்றை மட்டும் நம்புவது. மரத்துண்டில் பக்கத் தோற்றத்தோடு மேல் தோற்றமும் வரையாவிட்டால் பறவை பலகையில் வெட்டிய உருவம்போலத் தட்டையாகிவிடும். முன்பக்கமும் முதுகும் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். கைத்தொலைபேசியைக் கிட்டக் கொண்டுபோய் எடுத்த படத்தில் முன்னால் இருக்கும் தலை பெருத்துத் தெரியும். தள்ளி நின்று சூம் பண்ணி எடுத்ததே அளவுக்கு உதவும்.

இணையத்தில் அகப்பட்ட படத்தைப் பார்த்து நிறம் தீட்டுவது இன்னொரு வில்லங்கம். யாழ்ப்பாணத்து மரங்கொத்திக்கு முதுகு பொன்மஞ்சள். தெற்கே போனால் முதுகு சிவப்பு. இடைப்பட்ட பகுதிகளில் கலப்பு நிறமும் உண்டு. நம் வளவுத் தென்னையில் தட்டுகிற பறவைக்குச் சிவப்பு முதுகு தீட்டினால், பறவை தெரிந்தவர் வாசலிலேயே பிடித்துவிடுவார். கண் நிறமும் அப்படித்தான்: செண்பகத்துக்கும் ஆண் குயிலுக்கும் சிவப்பு, புலுனி என்னும் தவிட்டுக்குருவிக்கு வெளிறிய நீலவெள்ளை. எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு மணி பதிக்கக் கூடாது.

பறவைக் கூட்டத்தைச் செதுக்குவோர் காற்றை மறந்துவிடுகிறார்கள். பரவைக்கடலில் ஓய்ந்து நிற்கும் உள்ளான்கள் பொதுவாகக் காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கும். பின்னாலிருந்து அடித்தால் இறகு கிளம்பிவிடும். வாடைக்காற்று நாளில் கூட்டம் முழுவதும் வடகிழக்கைப் பார்த்திருக்கும். ஒரே பலகையில் 5 பறவையை 5 திசைக்குத் திருப்பி வைத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பொய்.

மரம் என்றதும் இங்கே கை பனைக்குத்தான் போகும். உடலுக்கு அது உதவாது. வெளியே கடும் நார், உள்ளே சோத்தி. வேலிக் கதியாலான முள்முருக்கு மெதுமையானது, பழகுவதற்கு நல்லது. ஆனால் கத்தி மழுங்கினால் பஞ்சாகக் கிளம்பும், மெல்லிய அலகு நிற்காது. பூவரசும் வேம்பும் கொஞ்சம் கை வலிக்க வைத்தாலும் விளிம்பைக் காக்கும். எதுவானாலும் பச்சையாகச் செதுக்கினால் பங்குனி வெயிலில் வெடிக்கும். இரு முனைக்கும் மெழுகோ பெயின்றோ பூசி நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. தண்டின் நடுக்குருத்து துண்டுக்குள் வரக் கூடாது, வெடிப்பு அங்கிருந்துதான் ஓடும். பொறுமை இல்லாதவர் மரக்காலையில் காய்ந்த துண்டைக் கேட்டு வாங்கலாம்.

நாரோட்டம் அலகிலிருந்து வாலுக்கு ஓட வேண்டும். தலை திரும்பிய பறவையை ஒரே துண்டில் எடுத்தால் அலகில் நார் குறுக்கே விழும், விரல் பட்டாலே முறியும். தலையைத் தனியாக, நார் அலகுவழி ஓடும்படி வெட்டி ஒட்டுவதே வழி. நெடுங்கால் உள்ளானின் ஊசி அலகுக்குத்தான் பனை உதவும்: கறுத்த வைரச் சிலாகைத் துண்டை அரத்தால் நீளவாட்டில் தேய்த்து, 15 மில்லிமீற்றர் ஆழத் துளையில் ஒட்டுங்கள். கத்தி வைத்தால் சிலாம்பு கிளம்பும்.

கண்ணைத்தான் எல்லோரும் கடைசிக்கு விடுகிறார்கள். தலை முழுவதும் மெலிந்தபின் துளைத்தால் திருத்த மரம் இருக்காது. பெரும்பாலான பறவைகளில் வாய்ப்பிளவு முடியும் இடத்துக்கு மேலேதான் கண். இரு பக்கமும் குண்டூசி குத்தி, முன்னாலும் மேலிருந்தும் பார்த்து மட்டம் சரிவந்த பிறகு ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் தனித்தனியே துளையுங்கள். ஒரே துளையாக ஊடுருவினால் துளைஊசி சரிந்து மறுபக்கக் கண் இறங்கிவிடும்.

காலில் பின்னோக்கி மடிவது முழங்கால் அல்ல, குதிக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கும். மரங்கொத்திக்கு முன்னே 2 விரல், பின்னே 2. மீன்கொத்திக்கு முன்விரல்களில் வெளி இரண்டும் அடியில் ஒட்டியிருக்கும். கம்பி வளைக்குமுன் இதைப் பாருங்கள்.

மீன்கொத்தி இறகில் நீல நிறமி கிடையாது. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறித்தான் நீலம் தெரிகிறது. அதனால் போத்தல் நீலத்தை அப்படியே தடிப்பாகப் பூசினால் பிளாஸ்ரிக் பொம்மை. கருஞ்சாம்பல் அடிப்பூச்சு, மேலே தண்ணீராகக் கரைத்த அக்ரிலிக் நீலம் நாலைந்து தரம், ஒவ்வொன்றும் காய்ந்தபின். மினுக்க வார்ணிஷ் கண்ணுக்கு மட்டும் போதும்.

மாதிரிக்கென்று கூட்டையோ செத்த பறவையையோ வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். இலங்கையில் பெரும்பாலான பறவைகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும். நீங்கள் படமெடுக்கக் குந்தியிருக்கும் நேரம் முழுக்க அது எழும்பிக் கத்திக்கொண்டிருக்க, முட்டை வெயிலில் வேகும்.